மொத்தத் தொகைக்குள் மறைந்துபோகும் கரையோரக் கடற்றொழிலாளர்

கடற்றொழில்துறையின் நிலைமையை எடைபோடுவதற்கு எமது நாட்டில் நீண்டகாலமாகவே ஒரேயொரு தொகை பயன்படுத்தப்பட்டு வருகின்றது. ஆண்டு முடிவில் வெளியாகும் மொத்த மீன் உற்பத்தித் தொகையே அது. அத்தொகை உயர்ந்தால் துறை வளர்ந்துவிட்டதாக ஆட்சியாளர் மகிழ்கின்றனர். குறைந்தால் பருவநிலையோ எரிபொருளோ காரணமாகக் காட்டப்படுகின்றது. ஆனால், அந்த ஒற்றைத் தொகைக்குள் மூன்று வேறுபட்ட தொழில்கள் அடங்கியிருப்பதையோ, அவற்றுள் ஒன்று தளர்ந்துவரும்போது மற்றிரண்டும் அந்தத் தளர்வை மறைத்து விடுகின்றன என்பதையோ எவரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. இன்று கரையோர மக்கள் எதிர்கொண்டுள்ள நெருக்கடியின் வேர் இந்தக் கவனயீனத்திலும் உள்ளது என்பதே எமது கருத்தாகும்.

கரையோர மீன்பிடி, ஆழ்கடல் மீன்பிடி, குளங்களையும் பண்ணைகளையும் சார்ந்த நன்னீர் மீன்பிடி ஆகியனவே அந்த மூன்றுமாகும். கரையோர மீன்பிடியில் ஈடுபடுவோர் மாலையில் வலை விரித்துக் காலையில் கரை திரும்புபவர்கள். சிறிய வள்ளங்களும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகளும் இவர்களது மூலதனம். ஆழ்கடல் மீன்பிடியோ பலநாட் கலங்களின் தொழில். வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை போன்ற பெரிய மீன்களைப் பிடித்துவரும் இக்கலங்களுக்குத் துறைமுகமும், பனிக்கட்டியும், டீசலும், பெருமுதலும் அவசியம். நன்னீர் மீன்பிடி இவ்விரண்டுடனும் தொடர்பற்றது. அநுராதபுரத்திலோ பொலன்னறுவையிலோ குளத்து மீன் பெருகுவதால் குருநகரிலோ முல்லைத்தீவிலோ ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிந்துவிடப் போவதில்லை. இருந்தபோதிலும் இம்மூன்றையும் கூட்டி ஒரே வரியில் வெளியிடும் தொகையை வைத்தே துறையின் வெற்றி தோல்வி தீர்மானிக்கப்படுகின்றது.

இன்றைய நிலையை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியுள்ளது. 1980 களின் முற்பகுதிவரை இந்நாட்டின் கடல் மீன் என்பது பெரும்பாலும் கரையோர மீனாகவே இருந்தது. ஆழ்கடல் மீன்பிடி அப்போது பெயரளவிலேயே நடைபெற்றது. நாட்டின் கடல் மீன் உற்பத்தியில் ஏறத்தாழ கால் பங்கை அக்காலத்தில் யாழ்ப்பாண மாவட்டம் வழங்கி வந்தது. மயிலிட்டி நாட்டின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. 1983 ஆம் ஆண்டின் பின்னர் போர் விரிவடைந்தபோது கடல்வலயத் தடைகள், பாஸ் நடைமுறை, இயந்திர வலுவுக்கான கட்டுப்பாடு, இரவுத் தொழிலுக்கான தடை என ஒன்றன்பின் ஒன்றாக வந்து வடக்கு, கிழக்குக் கடற்றொழிலைக் கரையோடு முடக்கின. 1990 இல் மயிலிட்டி மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். நாட்டின் மீன்பிடியில் முன்னின்ற ஒரு துறை அதன் பின்னர் 27 ஆண்டுகள் அம்மக்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

இதே காலப்பகுதியில்தான் தெற்கிலும் மேற்கிலும் பலநாட் கலங்கள் பெருகின. நீர்கொழும்பு, பேருவளை, காலி, மிரிஸ்ஸ, புராணவெல்ல, குடாவெல்ல, தங்காலை என நீண்ட துறைமுக வரிசை ஆழ்கடல் தொழிலின் தளமாயிற்று. 2004 ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த மீன் உற்பத்தி 286,370 மெற்றிக் தொன்னாக இருந்தபோது அதில் 98,720 தொன் ஆழ்கடலிலிருந்து வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் கணக்கில் பெரிதும் இடம்பெறாத ஒரு தொழில் மொத்தத்தில் மூன்றிலொரு பங்கை எட்டியிருந்தது. தென்பகுதிக் கடற்றொழிலாளரின் துணிவும் உழைப்பும் இதற்குக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், வடக்கு இழந்ததைத் தெற்கு ஈடுசெய்த காரணத்தால் தேசிய தொகையில் அந்த இழப்பு தெரியாமலே போயிற்று என்பதும் உண்மையாகும். மொத்தத் தொகை ஒரு சமூகத்தின் வீழ்ச்சியை மறைத்ததற்கு இதுவே முதல் உதாரணம்.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை எவ்விதப் பாகுபாடுமின்றி எல்லாக் கரைகளையும் தாக்கியது. அப்போதிருந்த 12 மீன்பிடித் துறைமுகங்களுள் 10 சேதமடைந்தன. 2005 இல் மொத்த உற்பத்தி 163,230 தொன்னாக வீழ்ந்தது. இங்கும் தொகையைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு உண்மை புலப்படும். ஆழ்கடல் பிடிப்பு மூன்றிலொரு பங்கினால் குறைந்து 66,710 தொன்னாயிற்று. கரையோரப் பிடிப்போ 154,470 தொன்னிலிருந்து 63,690 தொன்னுக்கு, அதாவது பாதிக்கும் மேலாக வீழ்ந்தது. பேரிடர் ஒன்றாயினும் அதன் சுமை ஒன்றாக இருக்கவில்லை. கரையில் இழுத்து வைக்கப்பட்டிருந்த சிறிய படகுகளே பெருமளவில் அழிந்தன. கரையோரத்தில் வாழ்ந்த குடும்பங்களே தொழிலையும் உறவுகளையும் ஒருசேரப் பறிகொடுத்தன.

2009 இல் போர் முடிவுக்கு வந்தபின் கடல்வலயத் தடைகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. அந்த ஆண்டில் 339,730 தொன்னாக இருந்த மொத்த உற்பத்தி 2014 இல் 535,050 தொன்னை எட்டியது. ஐந்தே ஆண்டுகளில் அரைவாசிக்கு மேற்பட்ட வளர்ச்சி. இதில் கரையோரப் பிடிப்பு 278,850 தொன், ஆழ்கடல் பிடிப்பு 180,450 தொன், நன்னீர் மீன் 75,750 தொன். பூட்டிக் கிடந்த கடல் திறக்கப்பட்டமையும், ஆழிப்பேரலைக்குப் பின்னர் நன்கொடையாகவும் கடனாகவும் வந்த படகுகள் எண்ணிக்கையில் பெருகியமையும் இவ்வளர்ச்சிக்குத் துணைபுரிந்தன. இது சமாதானத்தின் பலன் என அன்று பெருமையாகக் கூறப்பட்டது. ஆனால் அந்த உச்சத்திலிருந்து அடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்ததைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

2014 இலிருந்து 2018 வரை மொத்தத் தொகை 520,000 தொன்னுக்கும் 535,050 தொன்னுக்கும் இடையிலேயே நின்றது. 2018 இல் அது 527,060 தொன். நான்கு ஆண்டுகளில் ஒன்றரை சதவீதக் குறைவு மட்டுமே என்பதால் துறை நிலையாக இருப்பதாகவே கருதப்பட்டது. ஆனால் இதே நான்கு ஆண்டுகளில் கரையோரப் பிடிப்பு 278,850 தொன்னிலிருந்து 249,020 தொன்னுக்கு இறங்கியிருந்தது. ஏறத்தாழ 30,000 தொன், பத்து சதவீதத்திற்கும் அதிகமான வீழ்ச்சி இதுவாகும். ஆழ்கடல் பிடிப்பில் ஏறத்தாழ 10,000 தொன்னும், நன்னீர் மீனில் ஏறத்தாழ 12,000 தொன்னும் கூடியதால் இந்த வீழ்ச்சி மொத்தத்தில் தென்படவில்லை. 2019 இல் மொத்தம் 505,830 தொன்னாகக் குறைந்தபோது கடல் மீனின் பங்கு 415,490 தொன்னாக இருந்தது. 2014 உடன் ஒப்பிடுகையில் கடலிலிருந்து கிடைத்த மீன் 43,810 தொன்னால் குறைந்துவிட்டிருந்தது. கொரோனாப் பெருந்தொற்று இந்நாட்டை எட்டிப்பார்ப்பதற்கு முன்னரே சரிவு தொடங்கிவிட்டது என்பதை இத்தொகைகள் ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றன. பெருந்தொற்றையும் பொருளாதார நெருக்கடியையும் மட்டுமே காரணமாகக் கூறுவது சௌகரியமானதாக இருக்கலாம். ஆனால் அது முழு உண்மையாகாது.

கரையோரப் பிடிப்பு ஏன் குறைந்தது? கடலில் மீன் குறைந்தது என்பதே முதலாவது காரணம். நோர்வேயின் ஆய்வுக் கப்பலான டொக்டர் பிரிட்ஜோப் நான்சன் 1978 முதல் 1980 வரை எமது கடலை ஆராய்ந்திருந்தது. 2018 இல் அப்பெயரைத் தாங்கிய ஆய்வுக் கப்பல் மீண்டும் வந்து எமது கடலை அளந்தபோது, நான்கு தசாப்தங்களுக்கு முன்னர் கணிக்கப்பட்டதைவிடக் கரையோர மீன் வளம் பெருமளவு குறைந்திருப்பதாகத் தெரியவந்தது. சாளை, சூடை, நெத்தலி, கும்பிளா போன்ற ஏழைகளின் மீன்களே இவ்வாறு குறைந்தவற்றில் முக்கியமானவை. தடைசெய்யப்பட்ட வலைகளும், வெளிச்சம் பாய்ச்சிப் பிடித்தலும், வெடிவைத்தலும், கண்டல் காடுகளினதும் களப்புகளினதும் அழிவும் இதற்குக் காரணமாக உள்ளன. இத்தொழில் முறைகளைப் பின்பற்றுவோர் வெளியாரல்லர், எமது கரைகளைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் உள்ளனர். பிறரைக் குற்றஞ்சாட்டும் முன்னர் இதை நாம் ஒப்புக்கொண்டேயாக வேண்டும்.

இரண்டாவது காரணம் வடக்கிற்கே உரியது. பாக்கு நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் பிரிக்கும் கடல் எல்லை 1974 ஆம், 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் வரையறுக்கப்பட்டது. அந்த எல்லையைத் தாண்டி வாரத்தில் மூன்று நாட்கள் வந்துசெல்லும் தமிழகத்தின் இழுவைப் படகுகள் கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்கின்றன. அவை வரும் இரவுகளில் வடபகுதிக் கடற்றொழிலாளர் வலை விரிக்க அஞ்சுகின்றனர். விரித்த வலைகள் அறுக்கப்படுகின்றன. இவ்வாறு எமது கடலில் பிடிக்கப்படும் மீன் இராமேஸ்வரத்திலும் ஏனைய தமிழகத் துறைகளிலும் இறக்கப்படுகின்றது. ஆகவே எமது உற்பத்திக் கணக்கில் அது இடம்பெறுவதில்லை. வராத மீனைக் கணக்கிட எமது புள்ளிவிபரத்தில் இடமில்லை. தொழிலுக்குப் போகாத நாட்களையும் அறுந்த வலைகளையும் அது எண்ணுவதுமில்லை. வடக்கின் இறங்குதுறைகளில் மீன் குறைவதாகக் கணக்கு கூறும்போது, அது கடலின் வறுமையா அல்லது கடலுக்குப் போக முடியாமையா என்பதை அக்கணக்கினால் சொல்ல முடியாதிருக்கின்றது.

2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இழுவை மடித் தொழிலை இந்நாட்டில் முற்றாகத் தடைசெய்தது. 2018 இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணமும் பெருமளவில் உயர்த்தப்பட்டது. 2016 நவம்பரில் இரு நாடுகளும் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைத்தன. இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் 2017 இல் தமிழகத்தில் ஆரம்பிக்கப்பட்டு மூன்றாண்டுகளில் 2,000 படகுகளை மாற்றுவதாகக் கூறப்பட்டது. அந்த இலக்கின் அருகில்கூட அத்திட்டம் செல்லவில்லை. 2024 இல் மட்டும் 500 க்கு மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதாகியுள்ளனர் என்பதே பிரச்சினை தீரவில்லை என்பதற்குப் போதிய சான்றாகும். அக்கரையில் கைதாகிறவரும் கூலிக்குக் கடலேறும் தொழிலாளியே என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பரிவு படகு முதலாளிகளின் இலாபத்திற்குக் கேடயமாகிவிடக் கூடாது.

மூன்றாவது காரணம் எரிபொருள். பலநாட் கலம் டீசலிலும், சிறிய வெளியிணைப்பு இயந்திரப் படகு மண்ணெண்ணெயிலும் ஓடுகின்றன. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்துச் சிலாபத்தில் கடற்றொழிலாளர் வீதிக்கு இறங்கியபோது ஒருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். பத்து ஆண்டுகளின் பின்னர் 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக்கப்பட்டது. அதற்கு முன்னைய மாதங்களில் விலை ஒருபுறமிருக்க, எரிபொருளே கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்தன. சிறிய படகின் ஒருநாள் செலவில் மண்ணெண்ணெயே பெரும்பகுதி. கிடைக்கும் மீன் குறைந்து, மீனைத் தேடி ஓடவேண்டிய தூரமும் அதிகரித்திருந்த வேளையில் இந்த விலையேற்றம் பலரைத் தொழிலிலிருந்தே ஒதுக்கியது.

இவற்றுடன் அடுத்தடுத்த அதிர்ச்சிகளும் சேர்ந்துகொண்டன. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனாத் தொற்று பரவியதும் நாடெங்கும் மீன் விற்பனை ஸ்தம்பித்தது. அந்த ஆண்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 429,000 தொன்னாக, முந்திய ஆண்டைவிட 15 சதவீதத்தால் வீழ்ந்தது. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி ஜூன் மாதம் மூழ்கியதால் மேற்குக் கரையில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. பின்வந்த 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மொத்த உற்பத்தி 5 இலட்சம் தொன்னை எட்டவில்லை.

இனித் துறைமுகங்களின் நிலையை நோக்குவோம். மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனத்தின் கீழுள்ள துறைமுகங்களுள் பெரும்பாலானவை சிலாபத்திலிருந்து கிரிந்த வரையிலான மேற்கு, தெற்குக் கரைகளிலேயே அமைந்துள்ளன. கிழக்கில் திருகோணமலையின் கொட்பேயும் வாழைச்சேனையும் இயங்குகின்றன. டென்மார்க்கின் உதவியுடன் பெரும் கடனில் அமைக்கப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் வாயில் மணல் நிறைந்து படகுகள் நுழைய இயலாத நிலையை அடைந்தது. அதன் அலைதடுப்புச் சுவர்களின் விளைவாக அயலில் கடலரிப்பு ஏற்பட்டு ஒலுவில், நிந்தவூர் மக்கள் தமது காணிகளையும் தென்னைகளையும் இழந்தனர். கரையின் இயல்பை ஆராயாமல் கட்டப்படும் துறைமுகம் மீனவருக்கு உதவாததோடு ஊருக்கும் தீங்காகும் என்பதற்கு ஒலுவில் வாழும் சாட்சியாக உள்ளது.

வடக்கில் மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மக்களிடம் கையளிக்கப்பட்டு, முதற்கட்டப் புனரமைப்பின் பின்னர் 2019 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 2025 செப்டெம்பரில் அதன் மூன்றாம் கட்டப் பணிகள் ஜனாதிபதியால் ஆரம்பித்து வைக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் துறைமுகம் மீண்ட அளவுக்குத் தொழில் மீளவில்லை. 27 ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்த சமூகத்தில் ஒரு தலைமுறை கடலைக் கற்காமலே வளர்ந்துவிட்டது. பலநாட் கலம் வாங்கும் முதலும், அதனை ஓட்டும் பயிற்சியும் இல்லாத நிலையில், தமது ஊர்த் துறைமுகம் பிற மாவட்டத்துக் கலங்களின் தரிப்பிடமாக மட்டும் ஆகிவிடுமோ என்ற அச்சம் அங்குள்ள மக்களிடம் எழுவது இயல்பானது. நாட்டின் துறைமுகம் நாட்டிலுள்ள அனைவருக்கும் உரியது என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த உரிமையை அனுபவிக்கும் ஆற்றல் அயலில் வாழும் மக்களுக்கும் இருக்க வேண்டும் அல்லவா?

கணக்கு வைப்பது கடினம் என்று அதிகாரிகள் கூறக்கூடும். அவ்வாறு கூற முடியாது என்பதை ஐரோப்பிய ஒன்றியத்துடனான அனுபவம் நிரூபித்தது. சர்வதேசக் கடலில் இலங்கைக் கலங்களைக் கண்காணிக்கவில்லை எனக் கூறி 2012 இல் எச்சரித்த ஒன்றியம், 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்து 2015 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. உடனே கலங்களுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் வந்தன. பதிவேடுகள் வந்தன. துறைமுகப் பரிசோதனைகள் இறுக்கமாயின. 2016 இல் தடை நீங்கியது. ஏற்றுமதிச் சந்தை கேட்டபோது ஒவ்வொரு சூரை மீனும் எங்கே, எப்போது, எந்தக் கலத்தால் பிடிக்கப்பட்டதென எழுதிவைக்க அரசினால் முடிந்தது. உள்ளூர்ச் சந்தைக்கு வரும் சூடைக்கும் நண்டுக்கும், அவற்றைப் பிடித்தவருக்கும் அதே அக்கறையில் ஒரு பகுதியையேனும் காட்ட முடியாதா என்பதே எமது வினா.

இது கடற்றொழிலாளரின் பிரச்சினை மட்டுமன்று. இந்நாட்டு மக்கள் உட்கொள்ளும் விலங்குப் புரதத்தில் பாதியளவு மீனிலிருந்தே கிடைக்கின்றது. ஆழ்கடல் மீனின் தரமான பகுதி ஏற்றுமதிக்குச் செல்கின்றது. வாரக்கணக்கில் பனிக்கட்டியில் கிடக்கும் மீனில் கணிசமான பகுதி தரமிழக்கின்றது. கரையிலிருந்து அன்றாடம் வரும் புதிய சிறு மீனே சாதாரண குடும்பத்தின் கறிச்சட்டியை நிரப்பி வந்தது. அது குறையும்போது விலை ஏறுகின்றது. கடலால் சூழப்பட்ட தீவு தகரத்தில் அடைத்த மீனையும், கருவாட்டையும், நெத்தலியையும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் விசித்திரம் தொடர்கின்றது.

ஆகவே சில நடவடிக்கைகள் உடனடியாக மேற்கொள்ளப்பட வேண்டும். முதலாவதாக, மொத்தத் தொகையைக் கொண்டாடும் வழக்கம் கைவிடப்பட்டு, கரையோரம், ஆழ்கடல், நன்னீர் என்பவற்றுக்குத் தனித்தனி இலக்குகள் மாவட்ட ரீதியாக வகுக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, எத்தனை தொன் இறக்கப்பட்டது என்பதோடு எத்தனை படகுகள் எத்தனை நாட்கள் கடலுக்குச் சென்று அதைப் பிடித்தன என்பதும் பதியப்பட வேண்டும். அதே மீனுக்கு இருமடங்கு நாட்கள் செலவானால் அது வளர்ச்சியாகாது. மூன்றாவதாக, இழுவைப் படகுகளால் இழக்கப்படும் தொழில்நாட்களும் வலைகளும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் உதவியுடன் முறையாகக் கணக்கெடுக்கப்பட வேண்டும். புதுடில்லியுடன் பேசச் செல்லும் பிரதிநிதிகளின் கையில் உணர்ச்சியுரைக்குப் பதிலாக அந்தக் கணக்கு இருக்க வேண்டும். நான்காவதாக, கடல்வள ஆய்வுகள் அரசியல் தயக்கங்களுக்குப் பலியாகக் கூடாது. 2025 இல் நான்சன் ஆய்வுக் கப்பல் மீண்டும் வருவதற்கிருந்த ஏற்பாடு, வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கான நடைமுறைகள் முற்றுப்பெறாததால் கைகூடாமற் போனது வருந்தத்தக்கது. ஐந்தாவதாக, மயிலிட்டி போன்ற துறைமுகங்களுக்குச் செலவிடும்போது அவ்வூர் இளைஞருக்கான பயிற்சியும், கூட்டுறவு அடிப்படையிலான கலங்களும் அதே திட்டத்தில் அடங்க வேண்டும்.

கடற்றொழில் அமைச்சு இவற்றைச் செய்வதற்குப் புதிய சட்டமோ பெருந்தொகைப் பணமோ தேவையில்லை. கையிலிருக்கும் தொகைகளைப் பிரித்துப் பார்க்கும் மனமே தேவை. மூன்று தசாப்த காலம் வடக்குக் கடலின் வீழ்ச்சி மொத்தத் தொகைக்குள் மறைந்து கிடந்தது. அதன்பின் நாடெங்குமுள்ள கரையோரத் தொழிலின் வீழ்ச்சியும் அவ்வாறே மறைந்தது. மூன்றாவது முறையும் இத்தவறு நிகழுமானால், கணக்கில் மீன் இருக்கும், கரையில் மீனவர் இருக்க மாட்டார். அந்த நிலை வருமுன்னர் உரியவர்கள் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.